வீடு திரும்ப முடியாத இரவுக்கு ஒரு பை

பெங்களூரில் வெள்ளமோ தீயோ கலவரமோ வரும்போது, பெரும்பாலானோர் வீட்டில் இருப்பதில்லை. தினமும் தோளில் தொங்கும் ஆபீஸ் பையைக் கொஞ்சம் யோசித்து அடுக்கினால், அந்த இரவைப் பத்திரமாகக் கடந்துவிடலாம்.

2022 செப்டம்பர் 5, திங்கட்கிழமை காலை. பெங்களூரின் அவுட்டர் ரிங் ரோட்டை ஒட்டிய குடியிருப்புகளிலிருந்து வேலைக்குக் கிளம்பியவர்கள் டிராக்டரில் ஏறி நின்றார்கள். கோடிக்கணக்கில் விலைபோகும் வீடுகளின் வாசலில் படகு நின்றது. அன்று காலை வரையிலான 24 மணி நேரத்தில் நகரில் பதிவான மழை 131.6 மில்லிமீட்டர். யெமலூர், பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு எல்லாம் ஏரியோடு ஏரியாகிப்போயின. அதே மழையில் மண்டியா மாவட்டத்து டி.கே. ஹள்ளி நீரேற்று நிலையத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பெங்களூருக்குக் காவிரித் தண்ணீரை அனுப்பும் இயந்திரங்கள் நின்றன. தெருவெல்லாம் தண்ணீர், குழாயில் மட்டும் சொட்டுக்கூட இல்லை.

டிராக்டரில் நின்ற பலரின் மார்போடும் ஒரு பை அணைந்திருந்தது. லேப்டாப், சார்ஜர், அடையாள அட்டை, மதியச் சாப்பாடு. ஒரு வேலை நாளுக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. அந்த வேலை நாள் குலைந்துபோனால் வேண்டியது எதுவும் அதில் இல்லை.

பேரிடர் என்றதும் வீட்டில் ஒரு பெட்டி தயாராக இருக்கட்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. கடலோர ஊர்களுக்கு அது மிகச் சரி. புயல் வருவது மூன்று நாள் முன்பே தெரியும். குடும்பம் வீட்டில் இருக்கும். பெட்டியும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். பெங்களூரின் கதை வேறு. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரம். கடலும் கிடையாது, பெரிய நதியும் கிடையாது. இங்கே ஆபத்து வருவது பெரும்பாலும் ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவில். வீட்டு அலமாரியில் தூங்கும் பெட்டி, இருபது கிலோமீட்டர் தள்ளி மாரத்தஹள்ளிப் பாலத்துக்கடியில் மாட்டிக்கொண்டவருக்கு எப்படி உதவும்? அந்த நேரத்தில் கூட இருப்பது ஒன்றே ஒன்றுதான்: வேலைக்கு எடுத்துப்போகும் பை.

இந்த ஊரில் எது நடக்கிறது?

என்ன பை வாங்கலாம் என்று கடைக்குப் போகும் முன், எதற்காக வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும். 2010 தொடங்கிப் பெங்களூரின் ஆண்டுகளைப் புரட்டினால் நான்கு வகை ஆபத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, வெள்ளம். ஏரிகளை ஒன்றோடொன்று கோத்த ராஜகாலுவே எனும் வாய்க்கால்கள் குறுகியதும், ஏரிக்கரைத் தாழ்நிலங்களில் கட்டடங்கள் எழுந்ததும் காரணம். 2022-க்குப் பிறகும் இது நிற்கவில்லை. 2024 அக்டோபர் மழையில் மான்யதா டெக் பார்க்குக்குள் தண்ணீர் தேங்கியது. 2023 மே 21 அன்று, நகரின் நடுமையத்தில், விதான சௌதாவுக்கு அருகிலுள்ள கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் ஒரு கார் மூழ்கியது. 22 வயது மென்பொருள் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். குடும்பத்தோடு ஊரைச் சுற்றிப்பார்க்கக் காரில் கிளம்பியிருந்த பெண் அவர்.

இரண்டாவது, தீ. 2010 பிப்ரவரி 23 அன்று பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் மின்கம்பிகள் செல்லும் குழாய்ப் பாதையில் பற்றிய தீ, மாடிகளைப் புகையால் நிறைத்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் புகை தாங்காமல் மேலிருந்து குதித்தவர்கள்.

மூன்றாவது, கலவரம். 2016 செப்டம்பர் 12-ஐ பெங்களூர்த் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்று திருத்திய உத்தரவு பிறப்பித்த சில மணி நேரத்தில் நகரம் பற்றியெரிந்தது. தமிழ்நாட்டு நிறுவனமான கே.பி.என்.-இன் 40-க்கும் மேற்பட்ட பேருந்துகள் ஒரே பணிமனையில் சாம்பலாயின. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட லாரிகளும் கார்களும் தேடித் தேடித் தாக்கப்பட்டன. மெட்ரோ நின்றது. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு வந்தது. மதியம் வரை வழக்கம்போல் வேலை பார்த்தவர்களுக்கு, எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவது என்பதே மாலையில் கேள்வியானது.

நான்காவது, போக்குவரத்து நெரிசல். உயிரை எடுப்பதில்லை என்பதால் இதை யாரும் பேரிடர் என்று சொல்வதில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கும், இன்சுலின் போடுபவருக்கும், கர்ப்பிணிக்கும் ஐந்து மணி நேரம் வண்டிக்குள் அடைந்து கிடப்பது சாதாரண விஷயமல்ல. 2022 ஆகஸ்ட் 30 அன்று ஊழியர்கள் ஐந்து மணி நேரம் சாலையில் சிக்கியதால் 225 கோடி ரூபாய் இழப்பு என்று அவுட்டர் ரிங் ரோடு நிறுவனங்களின் சங்கம் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியது. 2023 செப்டம்பர் 27 அன்று அதே சாலையில் பள்ளி வேன்களில் இருந்த குழந்தைகள் இரவில்தான் வீடு சேர்ந்தார்கள்.

நான்குக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. எதுவுமே மாதக்கணக்கில் நீள்வதில்லை. வெளியே சிக்கியிருப்பது பெரும்பாலும் சில மணி நேரம், மிஞ்சினால் ஓர் இரவு. ஆகவே காட்டில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் மூட்டை நமக்கு வேண்டாம். ஓர் இரவு வெளியே இருக்க, அல்லது பத்து கிலோமீட்டர் நடந்து வீடு சேர, போதுமான பொருள்கள் இருந்தால் போதும். இந்த அளவு மனதில் பதிந்தால் பை பாதி தேர்வானது போல.

கண்ணில் படாத பை ஏன்?

அவசரகாலப் பை என்று இணையத்தில் தேடினால் வருபவை ராணுவச் சாயலில் இருக்கும். பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக, உடம்பெல்லாம் பட்டைகளும் கொக்கிகளுமாக. பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் ஆபீஸுக்குப் போகிறவருக்கு அது மூன்று வகையில் கேடு.

முதல் காரணம், பாதுகாப்புச் சோதனை. பெங்களூரில் மெட்ரோ நிலையம், ஐ.டி. பார்க், மால், தியேட்டர் எங்கும் பையை ஸ்கேனரில் விட வேண்டும் அல்லது திறந்து காட்ட வேண்டும். 2024 மார்ச் 1 அன்று புரூக்ஃபீல்டு ராமேஸ்வரம் கஃபேயில் வெடித்த குண்டு ஒரு பையில் வைத்துவிட்டுப் போனது. ஆள் இல்லாத பை, வினோதமான பை என்றாலே காவலர்களின் கண் கூர்மையாவது நியாயமானது. அவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்குச் சந்தேகம் தராமல் இருப்பது நம் வேலை. எனவே கண்ணில் படாத பை என்றால் ரகசிய அறைகளில் பொருளை ஒளித்து வைக்கும் பை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியே யாரும் திரும்பிப் பார்க்காத பை. திறந்தால் பத்து நொடியில் எல்லாவற்றையும் காட்டி விளக்கிவிடக்கூடிய பை. இரண்டும் சேர்ந்ததுதான் நமக்கு வேண்டியது.

இரண்டாவது காரணம், கூட்டம். பதற்றமான நாளில் கூட்டத்தின் கண்ணில் தனித்துத் தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு. 2016-ல் ஒரு நம்பர் பிளேட் போதுமானதாக இருந்தது. ஊர்ப் பெயர், அமைப்புப் பெயர், கொடி, முழக்கம் எதுவும் இல்லாத பை எந்த ஊரிலும் எந்த நாளிலும் நல்லது. நிறுவனத்தின் பெயரைப் பெரிதாகப் பொறித்த பையும் அப்படித்தான். வேலையில் சேரும் நாளில் இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பை, உள்ளே விலையுயர்ந்த லேப்டாப் இருக்கிறது என்று திருடருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. விசேஷமான பையை யாரும் தினமும் தூக்க மாட்டார்கள். முதல் வாரம் ஆர்வமாக எடுத்துப்போவோம். பிறகு ஆபீஸ் உடைக்குப் பொருந்தவில்லை, கனக்கிறது, பக்கத்து இருக்கைக்காரர் கேள்வி கேட்கிறார் என்று வீட்டிலேயே விட்டுவிடுவோம். வீட்டில் விட்ட பை இல்லாத பைக்குச் சமம். தினமும் தூக்கும் பைக்குள்ளேயே அவசரப் பொருள்கள் இருந்தால்தான் அவை அவசரத்தில் கைக்கு வரும்.

எதைப் பார்த்து வாங்குவது?

கொள்ளளவு 20 முதல் 25 லிட்டர். அதற்குக் குறைந்தால் லேப்டாப்பும் சாப்பாட்டு டப்பாவும் வைத்தபின் இடம் இருக்காது. அதற்கு மிஞ்சினால் மெட்ரோ கூட்டத்தில் பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கும்; இடம் இருக்கிறதே என்று நாமும் கண்டதை அடைப்போம்.

நிறம் கறுப்பு, சாம்பல், கருநீலம். சேறும் அழுக்கும் தெரியாது. எந்தக் கூட்டத்திலும் கலந்துவிடும். பட்டையில் மெல்லிய ஒளி எதிரொளிக்கும் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பகலில் அது கண்ணுக்கே படாது. மின்சாரம் போன இரவில், ஹெட்லைட் வெளிச்சத்தில், சாலையோரம் நடப்பவரைப் பின்னால் வரும் வண்டிக்குக் காட்டிக்கொடுக்கும்.

துணி 600 டெனியர் பாலியெஸ்டர் அல்லது அதைவிட உறுதியான நைலான். கையால் கசக்கிப் பாருங்கள். மொடமொடவென்று காகிதம் போல் ஒலிக்கும் மெல்லிய துணி ஓராண்டுகூடத் தாங்காது. பையின் ஆயுளைத் தீர்மானிப்பவை துணியைவிட ஜிப்பும் தையலும்தான். தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பெட்டித் தையல் போட்டிருக்க வேண்டும். பெரும்பாலான பைகள் அறுவது அங்கேதான். ஜிப்பை நிரம்பிய பையில் வைத்து இழுத்துப் பாருங்கள். வளைவில் சிக்கினால் அந்தப் பை வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் விற்பனையாளர் சொல்வதை முழுசாக நம்ப வேண்டாம். துணியின் பூச்சு தூறலைத் தடுக்கும். பெங்களூர் மாலை மழை தையல் துளை வழியாகவும் ஜிப் வழியாகவும் உள்ளே வந்தே தீரும். மழை உறை ஒன்று பையின் அடியில் மடித்து வைத்திருந்தால் நல்லது. அதையும் தாண்டி, உள்ளே ஒவ்வொரு பொருளையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுவிடுவதே நம்பகமான வழி. இருபது ரூபாய் கவர் செய்யும் வேலையை இரண்டாயிரம் ரூபாய் பூச்சு செய்வதில்லை.

முதுகை ஒட்டிய பக்கத்தில் ஒரு பாக்கெட் இருந்தால் பணமும் ஆவண நகலும் அங்கே இருக்கலாம். பைக் ஓட்டுபவர்களும் நெடுந்தூரம் நடக்க நேருபவர்களும் மார்புப் பட்டை உள்ள பையாகப் பார்த்து வாங்க வேண்டும். பை ஆடாமல் இருந்தால் முதுகும் தப்பும், சமநிலையும் குலையாது. சில பைகளில் அந்தப் பட்டையின் கொக்கியிலேயே விசில் இருக்கும். ஊதிப் பார்த்து வாங்குங்கள்.

பெண்களுக்கு ஒரு சொல். தோளில் ஒரு பக்கம் மாட்டும் கைப்பை அழகாக இருக்கலாம். முழங்கால் தண்ணீரில் நடக்கும்போதும், படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றி இறங்கும்போதும் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கைப்பைதான் வேண்டும் என்பவர்கள், முதுகில் மாட்டிக்கொள்ளும் பட்டையும் உள்ள மாற்றுவகைப் பையை வாங்கலாம்.

வாங்கும் இடத்துக்கு வருவோம். பெங்களூரிலேயே பிறந்த வைல்ட்கிராஃப்ட் முதல் டெகாத்லான் வரை, சிக்பேட்டைக் கடைகள் முதல் மெஜஸ்டிக் பக்கத்துத் தெருக்கள் வரை இந்த ஊரில் பைக்குப் பஞ்சமில்லை. கையில் இருக்கும் பழைய பை உறுதியாக இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அறுந்த பட்டையை ஒரு பை தைப்பவரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போட்டு வாங்குங்கள். பழகிய பையில் எது எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் கைக்குத் தெரியும்.

உள்ளே என்ன?

எடையிலிருந்து தொடங்குவோம். பள்ளிப் பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020-ன் மத்திய அரசுக் கொள்கை சொல்கிறது. பெரியவர்களின் முதுகுக்கும் அதுவே நல்ல எல்லை. 60 கிலோ எடை உள்ளவர் 6 கிலோவுக்குள் தூக்கலாம். லேப்டாப், சார்ஜர், சாப்பாடு எல்லாம் சேர்ந்து நாலு கிலோவைத் தொடும். ஆக, அவசரப் பொருள்களுக்கு மிஞ்சுவது சுமார் இரண்டு கிலோ. அதற்குள் அடங்க வேண்டும்.

தண்ணீர் அரை லிட்டர், மூடி திறக்காத பாட்டில். இதைத் தினமும் குடிக்கும் பாட்டிலோடு சேர்க்காதீர்கள். கடலை மிட்டாயோ பொரிகடலையோ ஒரு கவர். கெடாது, சமைக்க வேண்டாம், பசி தாங்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி இரண்டு பாக்கெட்.

பவர் பேங்க் 10,000 எம்.ஏ.ஹெச். போதும். கணக்கு எளிது: 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட்-ஹவர். விமானத்தில் கைப்பையில் அனுமதிக்கப்படும் 100 வாட்-ஹவருக்கு மிகக் கீழே. மாற்றத்தில் வீணாவது போக, இன்றைய போனை ஒரு தடவைக்குச் சற்று மேல் சார்ஜ் செய்யும். பி.ஐ.எஸ். முத்திரை உள்ளதாக வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விடாதீர்கள். மாதத்தில் ஒரு நாள் முழுசாகச் சார்ஜ் ஏற்றுங்கள்; அவசரத்தில் காலியான பவர் பேங்க் வெறும் சுமை.

சின்ன டார்ச் ஒன்று கட்டாயம். போனிலேயே டார்ச் இருக்கிறதே என்பவர்கள், போனின் கடைசி ஐந்து சதவீதத்தை ஆம்புலன்ஸை அழைக்க வைத்திருப்பதா வெளிச்சத்துக்குச் செலவிடுவதா என்று யோசிக்க வேண்டும். நெற்றியில் மாட்டும் டார்ச்சாக இருந்தால் கைகள் காலியாக இருக்கும்.

காசு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, பணமதிப்பிழப்பு அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. மின்சாரம் போனது, நெட்வொர்க் போனது, ஏ.டி.எம். நின்றது, கார்டு தேய்க்கும் இயந்திரம் செத்தது. வங்கியில் பணம் இருந்தும் பால் வாங்க முடியாமல் மக்கள் நின்றார்கள். இன்று டீக்கடைக்கும் யு.பி.ஐ. என்று பழகிவிட்ட பெங்களூரில் அந்த நிலைமை இன்னும் கடுமையாக இருக்கும். பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று சில்லறை நோட்டுகளாக ஆயிரம் ரூபாய், கவரில் போட்டு, முதுகுப் பக்கப் பாக்கெட்டில் வையுங்கள். அதை மறந்துவிடுங்கள்.

ஒரு அட்டை. வீட்டார், நண்பர், மருத்துவர் எண்கள், ரத்தப் பிரிவு, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்துகளின் பெயர். போன் செத்துப்போனால் நம்மில் எத்தனை பேருக்கு மனைவியின், கணவரின் எண் நினைவிருக்கும்? வீட்டு முகவரியைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். மயங்கி விழுந்தவரைத் தூக்குபவர் ஒரு போக்குவரத்துக் காவலராகவோ ஆட்டோ ஓட்டுநராகவோ இருப்பார். அவருக்குப் படிக்க எளிதான மொழியில் அது இருக்க வேண்டும். 112 எல்லா அவசரத்துக்கும், 108 ஆம்புலன்ஸுக்கு. இவ்விரண்டும் மனதில் இருக்கட்டும்.

மருந்து. தினசரி மாத்திரை உள்ளவர்கள் மூன்று நாளைக்கு உரியதை, பெயர் தெரியும் அட்டையோடு, மருந்துச்சீட்டு நகலோடு வையுங்கள். ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலர் இன்னொன்று பையிலேயே இருக்கட்டும். ஒட்டும் பேண்டேஜ், ஒரு சுருள் துணிக்கட்டு, கிருமிநாசினி களிம்பு, காய்ச்சல் மாத்திரை. முதலுதவிக்கு இது போதும். சானிட்டரி நாப்கின் இரண்டு. பெண்களுக்கு அவசியம், ஆண்கள் வைத்திருந்தாலும் யாருக்காவது உதவும்.

துணி. மெல்லிய ரெயின்கோட், ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு தேங்காய்ப்பூத் துண்டு. நம் ஊர்த் துண்டுக்கு ஈடான கருவி கிடையாது. தலை துவட்டும், குளிருக்குப் போர்த்தும், காயத்தை அழுத்திக் கட்டும், கையைத் தாங்கும் தூளியாகும், நனைத்து மூக்கைப் பொத்தினால் புகைக்கு ஓரளவு தடுப்பாகும். ஆபீஸில் மேசைக்கடியில் ஒரு ஜோடி நடைச்செருப்பு அல்லது ஷூ இருக்கட்டும். அதைப் பையில் தூக்க வேண்டாம். வெள்ளத்தில் வெறுங்காலோடு நடப்பவருக்கு எலிக்காய்ச்சல் கிருமி சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போகும்.

என்95 முகக்கவசம் இரண்டு. தூசிக்கும் புகைத்துகளுக்கும் உதவும். ஆனால் தீயில் உயிரை எடுக்கும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவை அது தடுக்காது. முகக்கவசம் இருக்கிறதே என்று புகைக்குள் தங்காதீர்கள்.

கார் ஓட்டுபவர்களுக்கு, சாவிக்கொத்தில் மாட்டும் சின்னக் கண்ணாடி உடைப்பான். தண்ணீரில் மூழ்கும் காரின் மின்சார ஜன்னல் இறங்காமல் போகலாம். பக்கவாட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்து அழுத்த வேண்டும். முன்கண்ணாடி அதற்கு உடையாது. ஆனால் இந்தக் கருவியைவிடப் பெரிய பாதுகாப்பு, தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதைக்குள் வண்டியை விடாமல் இருப்பது. ஓடும் தண்ணீர் ஓரடி உயரம் இருந்தாலே சிறிய காரை மிதக்கவைத்து இழுத்துவிடும்.

எதைத் தூக்கக் கூடாது?

வெளிநாட்டுப் பட்டியல்களை அப்படியே பார்த்து வாங்கினால் வம்பு வரும். மலையேறுபவர்கள் வைத்துக்கொள்ளும், சாட்டிலைட் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி அமெரிக்காவில் சாதாரணம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ அந்தக் கருவியோ வைத்திருப்பது குற்றம். விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். உரிமம் தேவைப்படும் அலைவரிசையில் இயங்கும் வாக்கி-டாக்கியும் அப்படியே.

கத்தி வேண்டாம். பலவேலைக் கருவி என்று மடக்குக் கத்தியோடு வருவதையும் தவிருங்கள். மெட்ரோ வாசலிலோ ஆபீஸ் வாசலிலோ அதைப் பறிகொடுத்துவிட்டு, விளக்கம் வேறு சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் துணிக்கட்டை வெட்டப் போதும். லைட்டர், திட எரிபொருள் கட்டி, மின்கம்பியும் பேட்டரியும் ஒட்டுநாடாவில் சுற்றிய சொந்தத் தயாரிப்புகள் எதுவும் கூடாது. ஸ்கேனர் திரையில் அவை எப்படித் தெரியும் என்று அந்தக் காவலரின் இடத்திலிருந்து யோசியுங்கள். ஆதார் அட்டையின் அசலைச் சுமக்க வேண்டாம். எண்ணின் பெரும்பகுதி மறைக்கப்பட்ட நகல் போதும்.

அவசரப் பொருள்கள் அனைத்தும் ஒரே சின்னப் பவுச்சில் இருக்கட்டும். செக்யூரிட்டி கேட்டால் அதைத் தனியாக எடுத்துத் திறந்து காட்டலாம். வேறு பை எடுத்துப்போகும் நாளில் பவுச்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டார்ச்சும் விசிலும் மட்டும் பவுச்சுக்குள் போகாமல் வெளிப் பாக்கெட்டிலோ சாவிக்கொத்திலோ இருக்க வேண்டும்.

பையால் முடியாதது

கார்ல்டன் டவர்ஸில் சிக்கியவர்களிடம் உலகின் சிறந்த பை இருந்திருந்தாலும் அவர்களைக் காத்திருக்காது. அங்கே வேண்டியிருந்தது திறந்த படிக்கட்டு. அந்தத் தீயில் பிள்ளைகளையும் உறவுகளையும் இழந்தவர்கள் பியாண்ட் கார்ல்டன் என்ற அமைப்பைத் தொடங்கி, தீப்பாதுகாப்புக்காக இன்றும் குரல் கொடுக்கிறார்கள். உங்கள் ஆபீஸ் மாடியிலிருந்து இரண்டாவது படிக்கட்டு எங்கே இருக்கிறது, அதன் கதவு உள்ளிருந்து திறக்கிறதா, அட்டைப்பெட்டிகள் அதை அடைத்திருக்கின்றனவா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். ஒரு முறை கீழ்த்தளம் வரை இறங்கிப் பாருங்கள். தீ என்று மணி அடித்தால் பை தோளில் இருந்தால் சரி; மேசையில் இருந்தால் அதை எடுக்கத் திரும்பாதீர்கள். உயிரைவிட எந்தப் பையும் பெரிதல்ல.

நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பூகம்பம் வந்தபோது ரயில்கள் நின்றன. டோக்கியோ பெருநகர வட்டாரத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அன்று வீடு திரும்ப முடியவில்லை என்று அந்நாட்டு அரசு மதிப்பிட்டது. டோக்கியோ அதிலிருந்து பாடம் கற்றது. ஊழியர்களை அவசரப்பட்டு வெளியே அனுப்பாமல் தங்கவைக்க வேண்டும், அதற்காக மூன்று நாளைக்குத் தேவையான தண்ணீரும் உணவும் நிறுவனங்கள் இருப்பு வைக்க வேண்டும் என்று விதிமுறை வகுத்து, 2013 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சாலையில் சிக்கிய ஒரு நாளுக்கு 225 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்குப் போடத் தெரிந்த பெங்களூர் நிறுவனங்களுக்கு, மாடிக்கு நூறு தண்ணீர் பாட்டிலும் போர்வையும் பிஸ்கட்டும் அடுக்கிவைப்பது பெரிய செலவா? ஊழியர்கள் இதைக் கேட்க வேண்டும். நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமல்ல. வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கும், துப்புரவுப் பணியாளருக்கும், கேண்டீனில் பாத்திரம் கழுவுபவருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். மழை இரவில் கடைசியாக வீடு போகிறவர்கள் அவர்கள்தான்.

ராஜகாலுவேக்களை மீட்பதும், சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறியதும் தடுப்பை இறக்குவதும், கட்டடங்களின் அவசர வழிகளைச் சோதிப்பதும் அரசின் கடமை. தனிமனிதர் பை சுமக்கிறார் என்பதற்காக அந்தக் கடமை ஒரு கிராம்கூடக் குறையாது. அதை ஒவ்வொரு மழைக்கும் நினைவூட்டிக்கொண்டே இருப்போம். அதுவரைக்கும் நம்மையும் அருகில் இருப்பவரையும் காப்பது நம் கையில் இருக்கிறது.

அருகில் இருப்பவரையும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பை கண்ணில் படாமல் இருக்கலாம். அதில் இருப்பதைப் பகிர மறுத்து ஒளிக்கக் கூடாது. மெட்ரோ பெட்டியில் சோர்ந்துபோன முதியவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், போன் செத்துப்போன இளம்பெண்ணுக்குப் பத்து நிமிடச் சார்ஜ், பள்ளி வேனில் அழும் குழந்தைக்கு ஒரு கடலை மிட்டாய். பிறருக்கும் உதவுகிறபோதுதான் இந்தத் தயாரிப்புக்கு அர்த்தம் வருகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆபீஸ் பையைத் தரையில் கொட்டுங்கள். பழைய பில்களையும் உடைந்த சார்ஜர்களையும் தூக்கிப் போடுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டார்ச்சையும் துண்டையும் மருந்தையும் ஒரு பவுச்சில் அடுக்குங்கள், அட்டையை எழுதுங்கள், சில்லறை நோட்டுகளை வையுங்கள். ஜூன், அக்டோபர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை திறந்து மருந்தின் தேதியையும் பவர் பேங்கையும் சரிபாருங்கள். திங்கட்கிழமை காலை வழக்கம்போல் அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். உங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இதைச் செய்துகொடுங்கள்.